தண்ணீர் வந்த கிணற்றை மட்டும் காட்டுவார்கள்

கண்ணு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு இஷ்டமில்லை. காலையில் சர்க்கரை எவ்வளவு இருந்தது, ஊசி போட்டாயா, சாப்பிட்டாயா, இந்த மூன்றையும்தான் கேட்பேன். நீ போனை எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தாலும் "வேலையா இருக்கேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். எருமப்பட்டியில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் நீ வேலை பார்க்கிற கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வந்து உன் அறைக் கதவைத் தட்டிவிடலாம். ஆனால் கீமோ ஏற்றிய வாரத்தில் கூட்டத்தில் அலையக் கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. மீறி வந்தாலும் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய், நான் சத்தம் போடுவேன், கீழ்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கோபத்தில் இதைக் கசக்கி எறிந்தாலும் கொஞ்ச நேரம் கழித்து நீயே எடுத்துப் பிரித்துப் படிப்பாய். உன் குணம் எனக்குத் தெரியும், அது என் குணம்தான்.

உன் கோபம் புரியாமல் இல்லை. தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்குள் ஸ்டெம் செல் ஊசி ஒன்றைப் போட்டுச் சர்க்கரையை ஒரேயடியாகத் துரத்திவிடலாம் என்று உன் மாமன் ஓர் ஆளை வீட்டுக்குக் கூட்டி வந்தான். வரும் வெள்ளிக்கிழமை அந்த ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க நீயும் சரி என்றாய். நான் அந்த ஆளை எழுப்பி வெளியே அனுப்பினேன். அனுப்பியதோடு நிற்காமல் மோகனூருக்குப் போய் மாப்பிள்ளையின் அம்மாவிடம், என் மகளுடைய சர்க்கரை கல்யாணத்துக்குள் போகாது என்று நேரிலேயே சொல்லிவிட்டும் வந்தேன். அன்று சாயங்காலம் நீ போனில் இரண்டு கேள்வி கேட்டாய். "என் கல்யாணத்த நீங்களே நிறுத்தப் பாக்கறீங்களாப்பா?" என்பது ஒன்று. "உங்களுக்குத்தான் ஆசை அத்துப்போச்சு, எனக்கும் இருக்கக் கூடாதா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது. எனக்கு ஆசை அற்றுப்போயிற்று என்று யார் சொன்னது உனக்கு?

நீ நாலாவது படித்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாய். போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைக்குத் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று பக்கத்து வீடுகளில் கேலி பேசினார்கள். கோடை, வெயில், அதனால்தான் தாகம் என்று உன் அம்மாவும் நினைத்தாள். நான் வடக்கே போர் போட்டு முடித்து ஊர் திரும்பியபோது உன் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. மறுநாள் வாந்தி. அதற்கு மறுநாள் கண்ணைத் திறக்கவில்லை. உன் மூச்சில் பழுத்த பழ வாசனை அடித்தது, இன்னும் அந்த வாசனையை என்னால் மறக்க முடியவில்லை. அன்றைக்கு நம்மிடம் கார் கிடையாது. ரிக்கோடு போகிற ராடு லாரி ஒன்றுதான் வாசலில் நின்றது. உன் மாமன் ஸ்டியரிங்கைப் பிடித்தான், நான் உன்னை மடியில் போட்டுக்கொண்டேன், பின்னால் இறக்கக்கூட நேரமில்லாத இரும்பு ராடுகள் வழியெல்லாம் இடித்துக்கொண்டே வந்தன. ஒவ்வொரு இடிக்கும் நீ முனகினாய். முனகல் நின்றபோதுதான் நான் பயந்தேன்.

சேலத்து ஆஸ்பத்திரியில் உனக்குக் கொடுத்தது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. குளுக்கோஸ் பாட்டில் போல ஒரு உப்புநீர், அதோடு சொட்டுச் சொட்டாக இன்சுலின். அடுத்த நாள் நீ கண்ணைத் திறந்து பன் கேட்டாய். உன் கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை உன் உடம்பின் காவல் படையே எதிரி என்று தப்பாக நினைத்து அழித்துவிட்டது, இனிமேல் வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். உன் அம்மா அழுதாள். உன் மாமன் வராண்டாத் தூணில் சாய்ந்துகொண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. இல்லாமல் போனது ஒரே ஒரு சாமான், அது பாட்டிலில் கிடைக்கிறது, அதைக் கொடுத்தால் என் பிள்ளை பன் கேட்கிறாள். இதில் அழ என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. நான் அதை மடியில் வைத்துப் பார்த்தவன்.

இப்போது என் கதை. போன வருஷம் என் கண் மஞ்சளானது, வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது, இத்தனை வயதுக்குப் பிறகு புதிதாகச் சர்க்கரையும் வந்தது. காமாலை என்று கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தார்கள். நீதான் கேட்கவில்லை. லீவு போட்டுவிட்டு வந்து என்னை இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்க வைத்தாய். கணையத்தில் புற்று. கொஞ்சம் வெட்டினால் போதாது என்று முழுவதையும் எடுத்துவிட்டார்கள். ஆக, உனக்கு இருந்தும் வேலை செய்யாத உறுப்பு, எனக்கு இல்லவே இல்லை. அப்பனும் மகளும் ஒரே மருந்துக் கடையில் ஒரே ஊசி வாங்குகிறோம். சாப்பாட்டோடு நான் விழுங்குகிற செரிமான மாத்திரை மட்டும்தான் என் பங்குக்குக் கூடுதல்.

எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தது யார்? ஆயிரம் அடிக்குப் பூமியைத் துளைத்த மனுஷன், நகக் கண் அளவுகூட இல்லாத ஊசியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். "வயித்தப் புடிங்கப்பா. இப்புடி. குத்திட்டு உடனே எடுக்காதீங்க, மருந்து வெளிய வந்துரும். மனசுக்குள்ள பத்து எண்ணுங்க" என்றாய். நான் எண்ணினேன். எடுத்ததும் நீ சிரித்தாய். "இத நான் நாலாவதுல இருந்து பண்றேன், ஒரு நாளைக்கு நாலு தடவ" என்றாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் உன் பக்கத்திலேயே இருந்தும், ஊசி போடுவது உனக்குப் பழகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் சௌகரியமாக நினைத்துக்கொண்டிருந்தோம். பழகவில்லை. நீ பொறுத்துக்கொண்டாய். இரண்டும் வேறு வேறு என்று என் வயிற்றில் குத்திக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. அதனால் உன்னை ஏமாளி என்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். அந்த ஆஸ்பத்திரிக்காரன் சொல்வதில் பாதி பொய் என்று என்னைவிட உனக்கு நன்றாகவே தெரியும். நீ களைத்துப் போயிருக்கிறாய், அவ்வளவுதான். களைத்தவர்களைத் தேடித்தான் அவனும் வருகிறான்.

அவன் வந்த அன்று நடந்ததை உன் அம்மா ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள். நான் சொல்வதையும் கேட்டுக்கொள். உன் மாமன் என்ன தொழில் செய்கிறான் என்பது உனக்குத் தெரியும். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு தோட்டம் காடுகளில் நடப்பான். நீரோட்டம் இருக்கிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும் என்று அவன் நம்புகிறான். அவன் காட்டுகிற பாயிண்டில் நான் ரிக்கை நிறுத்துவேன். அவனும் நானும் சேர்ந்து எத்தனையோ காடுகளில் தண்ணீர் எடுத்திருக்கிறோம், எத்தனையோ காடுகளில் வெறும் புழுதியைக் கிளப்பிவிட்டு வந்திருக்கிறோம். ஒரு விவசாயி போர் போடலாமா வேண்டாமா என்று தயங்கினால் நாங்கள் செய்வது ஒன்றுதான். பக்கத்து ஊரில் நாங்கள் போட்டு, தண்ணீர் பீறிக்கொண்டு வந்த கிணற்றுக்கு அவரைக் கூட்டிப்போவோம். மோட்டாரைப் போடச் சொல்வோம். தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டதும் அவர் மனசு இளகிவிடும். புழுதி கிளம்பிய குழியை ஒருத்தருக்கும் காட்டியதில்லை. அது ஏமாற்று என்று எங்களுக்குத் தோன்றியதும் இல்லை. தொழில் அப்படித்தான் நடக்கிறது.

அந்தத் தம்பி ஷூவைக் கழற்றிவிட்டு மரியாதையாகத்தான் உட்கார்ந்தான். கையில் இருந்த டேப்லெட்டில் வீடியோ ஒவ்வொன்றாகப் போட்டான். ஒரு பெண் பிள்ளை ஜாங்கிரி சாப்பிடுகிறாள். ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்கிறாள். ஒரு பெரியவர் தன் ஊசிகளைக் குப்பையில் கொட்டுகிறார். இடுப்பெலும்பிலிருந்து செல்லை எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப ஏற்றினால் கணையம் புதிதாக வளர்ந்துவிடுமாம். உன் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். என்னைப் பார்த்து, "அய்யாவுக்கும் அதே செல்லுதான் சார், கேன்சரும் கரைஞ்சிரும்" என்றான். எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? எவனோ மோட்டார் சுவிட்சைப் போட்டு எனக்குத் தண்ணீர் காட்டுகிறான் என்றுதான்.

"இவங்களுக்கெல்லாம் தண்ணி வந்துருச்சு, சரி. வராத போரு எங்க தம்பி?" என்று கேட்டேன்.

"புரியலைங்க சார்."

"ஊசி போட்டும் சக்கர போவாதவங்க ஒருத்தரையாச்சும் காட்டு. நானே போன்ல பேசிக்கறேன்."

"அப்படி யாருமே இல்லைங்க சார். வந்த எல்லாருக்கும் சக்சஸ்தான்."

அதுவரை தலையைக் குனிந்துகொண்டிருந்த உன் மாமன் நிமிர்ந்தான். "எல்லாருக்குமுங்களா தம்பி?" என்று கேட்டான். அவன் "ஆமாங்க" என்றான். உன் மாமன் மெதுவாகச் சொன்னான்: "நான் தேங்காய வெச்சுக்கிட்டுப் பாயிண்ட் பாக்கறவனுங்க. நானே எல்லாத்துலயும் தண்ணி வந்துச்சுன்னு சொன்னதில்லீங்களே."

அந்தத் தம்பி சிரித்துச் சமாளித்தான். பிறகுதான் அந்த வார்த்தையை விட்டான். "செல் ஏத்தின அன்னைக்கே இன்சுலினை நிறுத்திரணும் சார். வெளியிலிருந்து போட்டுட்டே இருந்தா உள்ள இருக்கற செல்லு சோம்பேறி ஆயிரும்." நான் எழுந்துவிட்டேன். ஆபரேஷன் தையல் போட்ட இடம் இழுத்தது, ஆனாலும் எழுந்துவிட்டேன். "தம்பி, எந்திரிச்சுப் போ" என்றேன். "ஏனுங்க, அவரு சொல்றத முழுசாக் கேளுங்க" என்று உன் அம்மா குறுக்கே வந்தாள். "இதுக்கு மேல கேட்டா நான் அடிச்சுப்புடுவேன்" என்றேன். அவன் போய்விட்டான். போனவன் நேராக உனக்குப் போன் போட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமைக்கு அவனிடம் நீ இன்னும் மாட்டேன் என்று சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த தடவை கீமோவுக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்கும் கோபம் வந்தது, ஆனால் என்னைப் போலக் கத்தவில்லை. ஸ்டெம் செல் பொய்யில்லை என்றுதான் ஆரம்பித்தார். நானே அதை எதிர்பார்க்கவில்லை. அதைக் குருத்தணு என்றும் சொல்வார்களாம். எந்த உறுப்பின் செல்லாகவும் வளரக்கூடிய குருத்து. அதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, இன்சுலின் சுரக்கும் செல்லாக மாற்றி, உன்னைப் போன்றவர்களுக்கு ஏற்றிப் பார்க்கிறார்கள். சிலருக்கு ஊசியே தேவைப்படாமல் போயிருக்கிறது. அது நிஜம் என்றார். ஆனால் பழைய செல்லை அழித்த அதே காவல் படை புதுச் செல்லையும் அழிக்க வரும். அதை அடக்க மருந்து சாப்பிட வேண்டும். அந்த மருந்தே வேறு நோய்களுக்குக் கதவைத் திறந்துவிடும். அந்த மருந்து இல்லாமல் செய்ய வழி உண்டா என்று உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, கடையில் விலைக்கு வரவில்லை.

"ஒழுங்கான சோதனையில சேர்றவங்ககிட்ட வைத்தியத்துக்குக் காசு கேக்க மாட்டாங்க. இன்சுலினை எடுத்த எடுப்புல நிறுத்தவும் சொல்ல மாட்டாங்க. சர்க்கரையைப் பாத்துப் பாத்துதான் குறைப்பாங்க. உங்க பொண்ணுகிட்ட இந்த ரெண்டையும் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

என் புற்றுக்கும் அந்தச் செல் ஆகுமா என்று கேட்டேன். நம்பிக்கையில் கேட்கவில்லை, வீம்புக்குத்தான் கேட்டேன். அவர் சொன்னது எனக்கு நம் காட்டுப் பேச்சிலேயே புரிந்தது. புற்றுக்கட்டிக்குள்ளும் குருத்தணுவைப் போல நடந்துகொள்கிற செல்கள் கொஞ்சம் இருக்கும் என்கிறார்கள். கீமோ மற்றதையெல்லாம் அழித்தாலும் இவை பதுங்கிக் கிடந்து மறுபடி முளைக்கும். நம் வயலில் கோரையை எத்தனை முறை களை எடுத்தாலும் கீழே கிழங்கு கிடந்து மறுமழைக்கு முளைக்கிறதே, அது போலத்தான். என் கல்லீரலில் இப்போது தெரிகிற புள்ளிகள் அப்படி முளைத்தவையாக இருக்கலாம். அந்தக் கிழங்கை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்ல முடியுமா என்று ஆராய்கிறார்கள். ஸ்டெம் செல்லை ஏற்றிக் கணையப் புற்றைக் கரைக்கிற வைத்தியம் இன்றைக்கு எங்கேயும் கிடையாது. அப்படியிருக்க, எதை ஏற்றுகிறோம், அது உள்ளே போய் எதை வளர்க்கும் என்றுகூடத் தெரியாத ஒருத்தன் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு கரைந்துவிடும் என்கிறான். அவனை நான் எழுந்து போ என்றதுதான் உனக்குத் தப்பாகத் தெரிகிறதா?

இன்னொன்றும் உனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா என்னிடம் ஒன்று கேட்டார். வெட்டி எடுக்கிற கட்டியில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று. நான் சரி என்றேன். உன் மாமனுக்கு அது பிடிக்கவில்லை. "ஏனுங்க மச்சான், போறப்ப உடம்பு முழுசாப் போவ வேண்டாமுங்களா?" என்றான். "மாப்ள, என்னைத் தின்ன சனியன அவங்க கண்ணாடிப் பாட்டில்ல போட்டுப் பாடாப் படுத்தட்டும். எனக்கு அதப் பாக்க முடியலயேன்னுதான் வருத்தம்" என்றேன். அவன் சிரித்துவிட்டான். என் கட்டி இப்போது எங்கேயோ ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அதனால் எனக்கு ஒரு பலனும் கிடையாது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். கிடைக்காவிட்டால் போகிறது. எனக்கு ஆசை அற்றுப்போயிற்று என்றாயே, ஆசை அற்றவன் இதைச் செய்வானா? ஒருநாள் அந்தக் குருத்து உன் உடம்பில் நிஜமாகவே முளைக்கும் என்று நான் நம்புகிறேன். டாக்டர்கள் சொல்வதைவிட அதிகமாகவே நம்புகிறேன். ஆனால் அந்த நாள் வரும்போது நீ உயிரோடு இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை போய்ப் படுத்து ஊசியை நிறுத்தினால் அந்த நாளை நீ பார்க்கமாட்டாய். எனக்கு இதை வேறு எப்படியும் இதமாகச் சொல்லத் தெரியவில்லை.

இனி மோகனூருக்கு வருகிறேன். நிச்சயதார்த்தம் முடிந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா உன் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "தைக்குள்ள சரியாயிருமாங்க?" என்று கேட்டிருக்கிறார். உன் அம்மா, "சரியாயிருமுங்க" என்று சொல்லிவிட்டாள். பயத்தில் சொன்னது. அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றத்தான் உன் மாமன் ஆள் தேடினான், உன் அம்மா வீடியோ பார்த்து அழுதாள், நீ படுக்கப் போகிறேன் என்றாய். வேரை விட்டுவிட்டுக் கிளையைப் பிடித்து என்ன பிரயோஜனம்? அந்த வார்த்தையையே எடுத்துவிடலாம் என்று உன் மாமனைக் காரை எடுக்கச் சொன்னேன். உன்னைக் கேட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும் என்கிறாய். கேட்டிருந்தால் நீ போகவிட்டிருக்க மாட்டாய். அதனால்தான் கேட்கவில்லை.

சர்க்கரை ஆலையில் அரவை நடக்கிற நேரம், கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போய்ச் சேர்ந்தோம். அந்த அம்மா நல்லவர், கண்ணு. எனக்குச் சர்க்கரை போடாத காபியை அவராகவே கேட்டுக் கலந்து கொடுத்தார். நான் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"உங்க சம்சாரம் தைக்குள்ள சரியாயிரும்னாங்களேங்க?"

"அவ தாயிங்க, ஆசையில சொல்லிப்புட்டா. நான் சொல்றனுங்க, போவாது. ஊசி போட்டுக்கிட்டேதான் இருக்கோணும். போட்டுக்கிட்டா மத்த புள்ளைங்க மாதிரிதான் இருப்பா."

"புள்ளகுட்டி?"

"சக்கரையக் கட்டுல வெச்சுக்கிட்டு, டாக்டருகிட்டக் காட்டிக்கிட்டே பெத்துக்கலாமுங்க. எத்தனையோ பேரு பெத்துக்கறாங்க."

"பையனுக்கு எல்லாந் தெரியும், அவன் ஒண்ணும் சொல்லலீங்க. நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"சக்கரைன்னு சொல்லுங்க. எம்புள்ள யாரு ஊட்டுலயாச்சும் திருடிட்டாளா, மறைக்கறதுக்கு?"

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. அவர் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். "யோசிச்சுச் சொல்றோமுங்க" என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது உன் மாமன், "கெட்டுப்போச்சுங்களா மச்சான்?" என்றான். "கெட்டா கெட்டுட்டுப் போவுது மாப்ள, வண்டிய ஓட்டு" என்றேன். சொன்னேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அந்த வீட்டில் நீ சந்தோஷமாக இருப்பாய் என்று நான் நினைத்திருந்தேன். இப்போதும் நினைக்கிறேன். மோகனூரிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. மாப்பிள்ளை உன்னிடம் பேசினாரா என்று நான் கேட்கமாட்டேன், அது உங்கள் இருவருடைய விஷயம்.

உன் முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம், நிறுத்த வேண்டி வந்தால் நிறுத்துவேன். ஊசி போடாத மருமகள்தான் வேண்டும் என்கிற வீட்டுக்கு நீ போனால், முதல் மாதம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து போடுவாய். அடுத்த மாதம் விருந்தாளி வந்த அன்று ஒரு வேளை விட்டுவிடுவாய். அப்புறம் இரண்டு வேளை. பழ வாசனை அடிக்கிற அன்று உன்னை மடியில் போட்டுக்கொண்டு ஓட நான் இருக்கமாட்டேன். என்னைப் பற்றி டாக்டரம்மா மழுப்பாமல் சொல்லிவிட்டார், உனக்கும் தெரியும். எனக்கு அதில் புலம்பல் கிடையாது. விதி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களையும் நான் வாசலில் உட்காரவைப்பதில்லை. விதியாவது ஒன்றாவது. நான் ஒவ்வொரு வேளையும் ஊசி போட்டு, மாத்திரை விழுங்கி, வாந்தி எடுத்து, மறுபடி உட்கார்ந்து சாப்பிடுகிறேன். என்னால் முடிந்த சண்டை அது. உன்னுடையது என்னுடையதைவிட நீண்ட சண்டை, நீ என்னைவிடக் கெட்டிக்காரி.

கடைசியாக ஒரு விஷயம். நம் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் உன் அம்மா உன்னை மண்டபத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கம் கூட்டிப்போய், சேலையால் மறைத்துக்கொண்டு ஊசி போட வைப்பாள். பார்ப்பவர்கள் பேசுவார்கள் என்று. நீயும் டீசல் வாசனையில் நின்று போட்டுக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காதது போலப் பந்தியில் உட்காருவாய். தை மாதத்துக்கு மண்டபம் பேசிவிட்டேன், சமையல்காரரிடமும் சொல்லிவிட்டேன். எதையும் நான் ரத்து செய்யப்போவதில்லை. மோகனூர்க்காரர்கள் வந்தால் அது கல்யாணச் சாப்பாடு. வராவிட்டால் என் மகள் தன் சர்க்கரையோடு இத்தனை வருஷம் ஜெயித்து நின்றதற்கு நான் போடுகிற சாப்பாடு. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் உன் மாமன் போய்ச் சொல்லுவான், என்ன விசேஷம் என்று கேட்டால் வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்பான்.

முதல் பந்தியில் முதல் இரண்டு இலை நமக்கு. இலையில் சோறு விழும்போது நான் சட்டையைத் தூக்கி ஊசி போட்டுக்கொள்வேன், பக்கத்தில் நீயும் போட்டுக்கொள். எழுந்து பின்னால் போகக் கூடாது. யாராவது உற்றுப் பார்த்தால் பார்க்கட்டும். அன்றைக்கு நான் இல்லாமல் போனாலும் பந்தியை நிறுத்தாதே. என் இலையையும் போடச் சொல், நீ உன் இலையில் உட்கார், எல்லோருக்கும் முன்னால் ஊசியைப் போட்டுக்கொண்டு வயிறாரச் சாப்பிடு.

வெள்ளிக்கிழமை வரமுடியாது என்று அவனுக்கு இன்றைக்கே சொல்லிவிடு. சொல்லிவிட்டு எனக்குப் போன் பண்ணு.

உன் அப்பா